என் பெயரில் வாங்கிய மாத்திரை

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இல்லாத வலிப்பு நோயை இருப்பதாக டாக்டரிடம் சொல்லி, வருஷக்கணக்கில் மாத்திரை வாங்கினேன். அந்தப் பொய்யால் என் நாத்தனார் சரசுவின் வலது கை வெந்துபோனது. இது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

என் வீட்டுக்காரர் மத்திய சர்க்கார் ஆபீஸில் பியூனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்படிப்பட்டவர்களுக்கு ஓர் அட்டை தருவார்கள். தி.நகர் டிஸ்பென்சரியில் அதைக் காட்டினால் மாத்திரை சும்மா கிடைக்கும். ஆனால் அட்டையில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்.

அட்டை எழுதின அன்று கிளார்க் கேட்டார், "வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களாம்மா?" வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டில் சரசு இருந்தாள், அவருடைய தங்கை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு; அதனால் கல்யாணம் ஆகவில்லை. வெளி மனிதர் கேட்டால் அவளைப் பற்றிப் பேசாமலிருப்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். கேட்கிறவர் பெண் பார்க்க வந்தவரா, அட்டை எழுதுகிறவரா என்று என் தலை யோசிக்கவில்லை. தானாக ஆடிவிட்டது.

வீட்டுக்காரர் காலமானார். சரசு மாத்திரை வாங்கும் பெரிய ஆஸ்பத்திரியில், "ஸ்டாக் இல்ல, வெளில வாங்கிக்கோ" என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார்கள். அவளுடைய பழைய சீட்டையும் என் அட்டையையும் எடுத்துக்கொண்டு மந்தைவெளியில் நான் தி.நகருக்கு பஸ் ஏறினேன்.

அதற்கு முந்தின நாள், பூக்கட்டிக்கொண்டிருந்த சரசுவிடம் வலிப்பு எப்படி வரும் என்று கேட்டேன்.

"மொதல்ல ஒரு நாத்தம் வரும் அண்ணி. ஈர சாக்கக் கொளுத்தினா மாதிரி. அப்பால நான் எங்க கீறேன்னே தெர்யாது. நீதான பாத்துக்கினு இருந்த, மிச்சத்த நீ சொல்லு."

இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த நாற்றத்தைப் பற்றி நான் கேட்டதே இல்லை...

டாக்டர் சின்ன வயதுக்காரர். எனக்கு முன்னால் நின்றவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டு எழுதினவர், நான் ஈர சாக்கு என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம்?" என்றார். என்னை யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. இடது கட்டைவிரல் மரத்துப்போகும் என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்? மாத்திரைக்கு அது தேவையே இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்றா?

மாதாமாதம் போனேன். சரசு நன்றாக இருந்தாள்.

ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றினார்களே, அதற்கு முந்தின வருஷம். டாக்டர் ஆவலாகக் கேட்டார், "இப்ப எப்படிம்மா இருக்கு?" அந்த மாதம் சரசுவுக்கு இரண்டு தடவை வந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "நல்லா குறைஞ்சிருக்கு சார்" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்போ காலைல அரை மாத்திரை போதும். ஆனா ஒரு மாசம் ஜாக்கிரதை. அடுப்புகிட்ட தனியா நிக்காதீங்க."

வீட்டுக்கு வந்து அரை மாத்திரை என்பதைச் சொன்னேன்.

"அப்ப நான் பாதி சொஸ்தம்" என்றாள் சரசு. "மீதி பாதிக்கு ஒரு மாப்ள பாரு அண்ணி."

அடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். மறக்கவில்லை. அது எனக்குச் சொன்னது என்றே இருந்துவிட்டேன். ஒரு நோயும் இல்லாத நான் அன்றிலிருந்து ஸ்டவ் பக்கம் போகப் பயந்தேன். "களைப்பா கீது, நீயே சமைச்சுடு" என்று அவளை அனுப்பினேன். இப்படியும் ஒரு புத்தி இருக்குமா? நினைக்க நினைக்க எனக்கே விளங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை. நான் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். எரிகிற ஸ்டவ் மேல் கை கிடக்க, சரசுவுக்கு வலிப்பு இழுத்துக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கும்போதுகூட நான் மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். ஈர சாக்கு நாற்றம் இல்லை. வேறு நாற்றம்.

விரல்கள் ஒட்டிக்கொண்டன. இப்போது நான் பூக்கட்டுகிறேன், அவள் உதிரிப்பூவை எடுத்துத் தருகிறாள். "இன்னா அண்ணி, பூ கட்டறியா, வெறகு கட்டறியா?" என்று சிரிக்கிறாள்.

அடுத்த மாதம் டாக்டரிடம், "மறுபடி வந்துடுச்சு சார்" என்றேன். அவர் என் கைகளைத் திருப்பிப் பார்த்து, "நல்லவேளை, அடி எதுவும் படல" என்றார். முழு மாத்திரை எழுதினார். இன்றும் வாங்குகிறேன்.

போன வாரம் வரிசையில் ஓர் அம்மாள் பேச்சுவாக்கில் சொன்னார், கல்யாணமாகாமல் கூடவே இருக்கும் தங்கை பெயரையும் அட்டையில் எழுதுவார்களாம். நிஜமா? படித்தவர்கள் யாராவது அந்த விதியைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அன்று நான் தலையாட்டாமல் இருந்திருந்தால் எழுதியிருப்பார்களா? அரை மாத்திரை குறைந்தால் ஒன்பது நாளில் அப்படி வருமா, இல்லை எப்படியும் வந்திருக்குமா? நாள் கணக்கில் தப்பிருந்தாலும் திருத்துங்கள்.

பதிலை மட்டும் வீட்டுக்குத் தபாலில் போடாதீர்கள். சரசு எட்டாவது படித்தவள். வருகிற காகிதத்தையெல்லாம் பிரித்து எனக்குப் படித்துக் காட்டுகிறவள் அவள்தான்.