இத்தாலிக் காரின் வலப்பக்கத்து இருக்கை

எனக்குக் கல்யாணம் ஆனபோது என் வீட்டுக்காரருடைய கார் நடுக்கடலில் வந்துகொண்டிருந்தது. அவர் இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே ஆசைப்பட்டு வாங்கி ஓட்டிய கார் அது. விற்க மனசு வராமல் சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு, அவர் மட்டும் முன்னால் விழுப்புரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். பெண் பார்க்கத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கார்ல போனா உங்களுக்குத் தலை சுத்துமா?" என்பதுதான்.

அதுவரை நான் காரிலேயே ஏறியதில்லை. "சுத்தாதுங்க" என்றேன்.

கார் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியது. ஆனால் வெளியே வரவில்லை. அவர் வைத்து ஓட்டிய சொந்தக் கார்தானா, விற்பதற்காகக் கொண்டுவந்ததா என்று சுங்க அதிகாரிகளுக்குச் சந்தேகம். அதற்கான காகிதமெல்லாம் இவரிடம் கட்டாக இருந்தது. எல்லாமே இத்தாலி பாஷையில். இவருக்கோ கப்பல் பட்டறையில் பேசுகிற பேச்சுதான் தெரியும். படித்து எழுதத் தெரியாது. மாதக்கணக்கில் மெட்ராசுக்கும் விழுப்புரத்துக்கும் ரயிலில் அலைந்து, முகம் சுருங்கிப்போனார்.

எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்த மாதா கோயில் சாமியார் ரோமாபுரியில் படித்தவர். அப்பாவை அழைத்துக்கொண்டு போய்க் காகிதக் கட்டை அவர் மேஜையில் வைத்தோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் எங்களை மறந்துவிட்டார். அந்த பாஷையைக் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆயிற்றாம். இன்ஷூரன்ஸ் காகிதத்தைக்கூட வாய்விட்டு, ராகத்தோடு படித்தார். திடீரென்று சிரித்தார்.

"இந்த வண்டிய மலைப்பாதையில பந்தயத்துக்கு விடக் கூடாதாம்."

"நம்ம பக்கம் அதுக்கு வழியே இல்லீங்களே, சாமி" என்றார் அப்பா.

எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி, கையெழுத்தும் கோயில் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். "வண்டி வந்ததும் என்னை ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போகணும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதிகாரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் மெட்ராசுக்குப் போய் வண்டியை எடுத்தோம்.

முதலில் பார்த்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எருமை படுத்திருக்கிற உயரம்தான் இருந்தது. அரக்குச் சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. மேலே மடக்குகிற துணிக்கூரை. நான் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். அங்கே ஸ்டீரிங் இருந்தது.

"நீ அந்தப் பக்கம்" என்று சிரித்தார்.

தாம்பரம் தாண்டியதும்தான் சங்கடம் புரிந்தது. முன்னால் ஒரு லாரி. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவருக்கு எதிரே வருவது எதுவும் தெரியவில்லை.

"எதிர்ல ஏதாவது வருதா, பாரு."

"மாட்டுவண்டி வருதுங்க."

"எவ்ளோ தூரத்துல?"

"மாட்டுக் கொம்பு தெரியுதுங்க."

லாரிக்குப் பின்னாலேயே தங்கிவிட்டோம். செங்கல்பட்டு வருவதற்குள் நான் தேறிவிட்டேன். "போலாம்", "இருங்க" என்ற இரண்டு சொல் போதும் என்று பேசி வைத்துக்கொண்டோம். மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது நான் "போ" என்று வாயைத் திறந்ததுமே அவர் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. தலை சுற்றவில்லை. வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு உருண்டுகொண்டே இருந்தது.

திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். நேராக என் பக்கம் வந்தார்.

"லைசென்ஸ் எடுங்கம்மா."

என் இரண்டு கையிலும் முறுக்கு. இரண்டையும் தூக்கிக் காட்டினேன்.

"சார், ஓட்டறது நானுங்க" என்றார் இவர், அந்தப் பக்கத்திலிருந்து.

போலீஸ்காரர் குனிந்து ஸ்டீரிங்கைப் பார்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அப்ப இவங்க இன்னாதான் பண்றாங்க?"

"பாத்து சொல்றாங்க."

"எங்க வூட்லயும் அப்பிடித்தான்" என்றார் போலீஸ்காரர். ஹாரனை அடித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எங்களை விட்டார்.

சாமியாரின் ரவுண்டு அன்று சாயங்காலமே நடந்தது. வெள்ளை அங்கி காற்றில் உப்ப, அவர் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வழி கிடைத்தபோதெல்லாம் "அவாந்தி! அவாந்தி!" என்று கத்தினாராம். முன்னே போ என்று அர்த்தமாம். போனவர்கள் திரும்பி வர இருட்டிவிட்டது.

விழுப்புரத்துக்கு வந்த பிறகு அவர் ஒரு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வளவனூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயலில் வளைத்து வளைத்து ஓட்டிப் பழகினேன். லைசென்சும் வாங்கினேன். அத்தை, அதாவது என் மாமியார், வரப்பில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அமாவாசைக்கு முந்தின நாள் என்னிடம் வந்தார்.

"அவனுக்கு ஆலையில வேலையாம். மேல்மலையனூர் கோயிலுக்கு நீ ஓட்டு. நான் பாத்து சொல்றேன்."

மறுநாள் புறப்பட்டோம். முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

"எதிர்ல வண்டி வருதா, அத்தை?"

"வருது. ஆனா அவன் நின்னுடுவான். நீ போ."

"நிக்கலன்னா?"

"நான் நிக்க சொல்றேன்."

அவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, எதிரே வந்த லாரிக்கு நேராகக் கையை நீட்டினார். லாரிக்காரன் என்ன நினைத்தானோ, ஓரம் கட்டி நிறுத்தியே விட்டான். நான் கண்ணை மூடாத குறையாக பஸ்ஸை முந்தினேன். அத்தை உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "மரியாதை தெரிஞ்ச பையன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எது சொன்னாலும் என் கண்ணால் பார்த்த பிறகுதான் முந்தினேன்.

செஞ்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. துணிக்கூரையை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. அத்தை குடையை விரித்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தார். காற்றில் அதுவும் மல்லாந்தது. தொப்பலாக நனைந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவ்வளவு அமாவாசைக் கூட்டமும் எங்களைச் சுற்றிக்கொண்டது. எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கூர போடறதுக்கு முன்னாடியே ஓட்டிக்கினு வந்துட்டீங்களா?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு நாங்கதான் வேணாம்னுட்டோம்" என்றார் அத்தை, தலைமுடியைப் பிழிந்துகொண்டே.

அந்த வண்டி எட்டொன்பது வருஷம் எங்களோடு இருந்தது. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு எல்லோரும் சேர்ந்து எங்கேயும் போக முடியவில்லை. உதிரிப் பாகமும் கிடைக்கவில்லை. பழைய கார் சேர்க்கிற மெட்ராஸ்காரர் ஒருவர் ஆசையாகக் கேட்டார், கொடுத்துவிட்டோம். நான்கு பேர் உட்காரும் சாதாரணக் கறுப்புக் கார் ஒன்று வாங்கினோம். அத்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். வளவனூர் வருவதற்குள் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, இதுல மேல தொறக்க வழியே இல்லியா?"

இல்லை என்றேன். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு, தலையை வெளியே நீட்டியபடியே வந்தார்.