பம்பாய்க் காரா, மதராஸ் காரா?

போன சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. வந்ததும் வீட்டிலிருந்த மூன்று பேருக்கும் முகம் தொங்கிவிட்டது.

மூன்று பேர் என்றால் நான், டாக்டர் குருப், வர்க்கிச்சன். செய்தியைக் கொண்டுவந்தவர் மத்தாயி. எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, கார் வேண்டுபவர்களையும் கார் விற்பவர்களையும் சேர்த்து வைக்கும் தரகர். மனிதர் போட் ஏறி மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"சாமிக்குக் கோளடிச்சு, அதிர்ஷ்டம்தான்! ரெண்டு கியூவிலேயும் உங்க முறை வந்தாச்சு. பம்பாய் வண்டியா, மதராஸ் வண்டியா, வியாழக்கிழமைக்குள்ளே சொல்லணும். இல்லேன்னா ரெண்டும் அடுத்த ஆளுக்குப் போகும்."

பம்பாயில் ஒரு கார் செய்கிறார்கள், மதராஸில் ஒரு கார்; இந்த நாளில் அதற்கு முறை வருவது லேசுப்பட்ட காரியமா? பணம் இருந்தால் மட்டும் போதுமா? பெயரைப் பதிந்துவிட்டுத் தவம் கிடக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கம்பெனியில் ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால் பெயர் பதிந்தார். கார் வந்தபோது மகன் ஓடிவந்து டிக்கியைத் திறந்து பார்த்தான்!

அப்படியிருக்க, முகம் ஏன் தொங்க வேண்டும்?

சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும் — கவலைப்படாதீர்கள், ரிவர்ஸ் கியரில் அதிக தூரம் போகமாட்டேன்.

சரசு — என் மனைவி — காலமான பிறகு என் வீட்டில் பேசுவது இரண்டே பேர். ஒன்று சுவர்க்கடிகாரம். இன்னொன்று சமையலறைக் குழாய். இரண்டும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஒரே பிள்ளை பிலாயில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். நான் பகலெல்லாம் மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் மானேஜராக மூட்டைகளோடு பேசிவிட்டு, சாயங்காலம் வந்து பூட்டைத் திறப்பேன். "வந்துட்டேன்" என்பேன். சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று நானே விழிப்பேன்.

ஒருநாள் ஜெட்டிக்கு எதிரே இருக்கும் சாயாக்கடையில் டாக்டர் குருப் என்னைப் பார்த்து, "எந்தா சாமி, விசேஷம்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கும் கேள்வி. 'ஒன்றுமில்லை' என்பதுதான் அதற்குப் பதில். பதிலைச் சொன்னால் கேட்டவர் போய்விடுவார். அன்று எனக்கு அவர் போய்விடக் கூடாது என்று இருந்தது. என்ன சொல்வது?

"கார் ஒண்ணு வாங்கலாம்னு யோசனை, டாக்டரே."

வாய்க்கு வந்தது அதுதான். யானை என்று வந்திருந்தால் யானை.

டாக்டர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். அவரிடம் பம்பாய்க் கார் இருக்கிறது. "யோசிக்கவே வேண்டாம். பம்பாய் வண்டிதான்!"

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு கனைப்பு. வர்க்கிச்சன். தேயிலை ஏலக் கம்பெனியில் டீயை ருசி பார்க்கும் உத்தியோகம். எதையும் ஒரு வாய் உறிஞ்சி, துப்பிவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்வார் — மனிதர்களைக்கூட. அவரிடம் இருப்பது மதராஸ் கார்.

"சாமி, காசு கையிலே கனமா இருந்தா டாக்டர் சொல்றதைக் கேளுங்க. இல்லேன்னா நான் சொல்றதைக் கேளுங்க."

அன்று மாலை சண்டை சாயாக்கடையில் முடியவில்லை. என் வீட்டுக்கு நடந்து வந்தது. உட்கார்ந்தது. காப்பி குடித்தது. மறுநாளும் வந்தது. அப்புறம் தினமும் ஆறு மணிக்கு ஆஜர். நான் கூடுதலாக இரண்டு டம்ளர்களும், பிரம்பு நாற்காலி ஒன்றும் வாங்கினேன்.

சிக்கனக்காரர்கள் கவனிக்க. இரண்டு கட்சி வாதத்தையும் சுருக்கித் தருகிறேன்.

பம்பாய்க் காருக்கு நாலு கதவு. முன்னால் பெஞ்சு மாதிரி நீளமாக ஒரே சீட் — டிரைவரோடு மூன்று பேர் உட்காரலாம். கியர் கம்பி ஸ்டியரிங்கிலேயே இருப்பதால் யார் முழங்காலும் இடிபடாது. பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். பழசானாலும் விலை இறங்காது. ஆனால் கியூ? அதன் வால் கண்ணுக்கே தெரியாது.

மதராஸ் கார் விலையில் கொஞ்சம் இளைப்பு. கியூவும் குட்டை. மூக்கை முழுசாகத் தூக்கித் திறக்கலாம், முதலை கொட்டாவி விடுகிற மாதிரி. மெக்கானிக் முன் டயர் மேலேயே சொகுசாக உட்கார்ந்து வேலை செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அது திரும்பும் அழகு! சுண்டைக்காய் அளவு இடம் போதும். ஆனால் கதவு இரண்டுதான்.

"திரும்பும் அழகு" என்ற பேச்சை டாக்டர் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மிளகுக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பரீட்சை வைத்தோம். மட்டாஞ்சேரிச் சந்துகள் தெரியுமல்லவா? எதிரே கைவண்டி வந்தால், யாராவது ஒருவர் சுவரோடு சுவராகிவிட வேண்டும்.

வர்க்கிச்சன் வண்டி ஒரே வீச்சில் திரும்பிவிட்டது. டாக்டர் வண்டி முன்னால் போனது. பின்னால் வந்தது. முன்னால் போனது. பின்னால் வந்தது. பிறகு குறுக்காக நின்றது. அந்தப் பக்கம் சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி. இந்தப் பக்கம் சுவர். சுமை தூக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

"எந்தா டாக்டரே, பிரசவம் கஷ்டமாணோ?"

கடைசியில் அவர்களே பின்பக்கத்தைத் தூக்கி நேராக வைத்தார்கள். டாக்டர் அன்று நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ஆறு மணிக்குத் தயாராக வந்தார்.

"கேளும், சாமி! திரும்பறதுக்கா மனுஷன் கார் வாங்கறது? நேரே போறதுக்கு!"

சரி, நீங்கள் வாங்குவதாக இருந்தால் என் தீர்ப்பு இது. குடும்பம் பெரிது, பொறுமையும் பெரிது என்றால் பம்பாய். பர்ஸும் தெருவும் குறுகல் என்றால் மதராஸ். இரண்டும் நல்ல வண்டிகள்தான். தைரியமாக வாங்குங்கள்.

தீர்ப்பு இவ்வளவு சுலபமா? நீங்களாக இருந்தால் சுலபம். நான் அல்லவா வாங்க வேண்டும்...

ஒருநாள் டாக்டர் தம் கட்சிக்காக ஆவேசமாகப் பேசினார்: "ரெண்டு கதவு வண்டியிலே பின்சீட்டுக்குப் போகணும்னா முன்சீட்டை மடக்கணும், குனியணும், நுழையணும். யாரு ஏறுவா?"

வர்க்கிச்சன் சட்டென்று, "பின்னாடி ஏற சாமிக்கு ஆள் எங்கே?" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது அவருக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டார். கடிகாரம் பேசியது. குழாய் பேசியது.

"ஏன், என் குடை ஏறும்! அதுக்கு முதுகுவலி கிடையாது" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். அந்த ஹாஸ்யத்துக்கு அவ்வளவு சிரிப்பு அதிகம்.

மறுநாள் டாக்டர் என்னைத் தம் காரில் பாலம் தாண்டி வில்லிங்டன் தீவு வரை அழைத்துப்போனார். முன்சீட்டில் நான் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் தாராளமாக ஓர் ஆள் இடம். "விழுந்துடப் போறீர், இந்தப் பக்கம் நகர்ந்து இரும்" என்றார். நகர்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால் மறுபடி கதவோரம் இருக்கிறேன்! பஸ், போட், குதிரைவண்டி — எதில் ஏறினாலும் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே பழகிய உடம்பு. ஆள் போனது அதற்கு இன்னும் தெரியாது.

ஆக, எனக்கு வேண்டியது கார் இல்லை; ஆறு மணி. புரிந்துவிட்டது அல்லவா? டாக்டர் ஜெயிக்கிற மாதிரி இருந்தால் நான் மதராஸ் பக்கம் சாய்வேன். வர்க்கிச்சன் ஜெயித்தால் பம்பாய். வக்கீல் வாய்தா வாங்குகிற மாதிரி வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்தேன். டாக்டர் சொன்னாரென்று அந்தக் கியூவில் பெயர் கொடுத்தேன். வர்க்கிச்சனுக்கு வருத்தம் என்று தெரிந்ததும் இந்தக் கியூவிலும் கொடுத்தேன். நீளமான கியூவில் முதலில், குட்டைக் கியூவில் பிறகு. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து முட்டும் என்று எந்த ஜோசியன் சொன்னான்?

இப்போது தெரிகிறதா, மத்தாயி செய்தி சொன்னதும் என் முகம் ஏன் தொங்கியது என்று? மற்ற இரண்டு முகங்கள் தொங்கியதற்குக் காரணம் எனக்கு அன்று தெரியவில்லை.

"சாமி தீர்மானிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இருவரும் அன்று சீக்கிரமே எழுந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி. மூன்று டம்ளரில் காப்பி கலந்து வைத்தேன். யாரும் வரவில்லை. என் காப்பியைக் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து டாக்டருடையதைக் குடித்தேன். ஜெட்டியில் கடைசி போட்டுக்கு முந்தின போட் ஊதியபோது வர்க்கிச்சனுடையதையும் குடித்தேன், ஆறிப்போயிருந்தது. திங்கட்கிழமையும் அதே கதை. அன்று டம்ளர்களை மட்டும் வைத்தேன், காப்பி கலக்கவில்லை. நான் சிக்கனக்காரன்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வேலைக்கு நடுவில் டாக்டரின் டிஸ்பென்சரிக்குப் போய், இருமுகிறவர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். கியூ எனக்குப் புதிதா என்ன?

"எந்தா சாமி, காய்ச்சலா?"

"இல்லை."

"வயிறு?"

"இல்லை."

"பின்னே?"

"ஆறு மணி ஆனா ஒரு மாதிரி இருக்கு, டாக்டரே."

டாக்டர் காதில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏன் ரெண்டு பேரும் வரலை?" என்று கேட்டேன்.

"அது மரியாதை, சாமி. பொண்ணு பார்க்கிற வரைக்கும் ஊரே பேசலாம். சம்மதம் சொல்ற நேரத்திலே வீட்டுக்காரன்தான் இருக்கணும். நாங்க அங்கே இருந்து, நாளைக்கு வண்டி மக்கர் பண்ணினா, யார் தலையைத் தேடுவீர்?"

"வண்டி வந்தப்புறம் வருவேளா?"

"எதுக்கு?" டாக்டருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "வண்டி வந்தா சாமி வெளியிலே போகலாமல்லோ? வீட்டிலே யார் இருப்பா?"

எங்கே போவேன்? கேட்கவில்லை. வெளியே ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டிருந்தது. அதன் பக்கம் எவ்வளவோ நியாயம் இருந்தது.

"நான் தீர்மானிச்சாச்சு, டாக்டரே" என்றேன்.

"எது? எது?"

"சாயங்காலம் வந்தா சொல்றேன். வர்க்கிச்சனையும் கூட்டிண்டு வாங்கோ."

ஆபீஸுக்குப் போனதும் மத்தாயிக்குப் போன் போட்டேன். மனிதர் இரண்டு தடவை, "சாமிதானே பேசறது?" என்று கேட்டுக்கொண்டார்.

ஆறு மணிக்கு வரவேண்டியவர்கள் ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். சொன்னேன்.

"ரெண்டையும் அடுத்த ஆளுக்கே கொடுக்கச் சொல்லிட்டேன்."

வர்க்கிச்சனுக்குக் காப்பி புரையேறிவிட்டது. டீயைத் துப்பிப் பழகியவர், காப்பியையும் துப்பிவிட்டார்.

"ரெண்டும் விட்டாச்சா? சாமிக்கு வட்டாணோ, பைத்தியமா? டாக்டர் வண்டியை எவனாவது விடுவானா? தங்கமான வண்டி அது!"

"அதை விடும்!" டாக்டர் கத்தினார். "மதராஸ் வண்டியாவது எடுத்திருக்கலாம். இந்தச் சந்துகளிலே அதைவிட்டா வேறே என்ன இருக்கு?"

இத்தனை நாள் சண்டையில் இப்படி ஒரு வாக்குமூலத்தை நான் கேட்டதே இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"காரணம் சொல்லும்" என்றார் டாக்டர்.

நிஜமான காரணம் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதிலாக இன்னொரு நிஜம் வெளியே வந்தது.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது."

இரண்டு டம்ளர்களும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின.

அப்புறம் பாருங்கள்! "பின்னே எதுக்கய்யா சந்திலே என்னைத் திருப்பச் சொன்னீர்?" என்று ஒருவர். "டிரைவர் வெச்சுக்கற எண்ணமாவது இருந்ததா?" என்று ஒருவர். "கியரைப் பத்தி அவ்வளவு கேள்வி கேட்டாரே, இந்த மனுஷன்!" "கேட்டதோட விட்டாரா? எனக்கே பதில் சொன்னார்!" இப்படிப்பட்ட முட்டாள் கொச்சியில் மட்டும்தான் உண்டா, திருவிதாங்கூரிலும் உண்டா என்று பேச்சு வளர்ந்தது. இரண்டாவது சுற்றுக் காப்பி போட்டேன். என்னைத் திட்டுவதில் கருத்து வேற்றுமை வந்து, அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. நான் குறுக்கிடவில்லை. என்ன ஒரு மாலை!

புறப்படும்போது வர்க்கிச்சன் முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போனார். டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"சாமி, நாளைக்குக் காப்பியிலே மதுரம் கொஞ்சம் குறைச்சா போதும்."

சனிக்கிழமை அந்த இரண்டு முகங்களும் ஏன் தொங்கின என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கார் விஷயம் என்றாவது ஒருநாள் பேசித் தீர்ந்திருக்கும். என் அசட்டுத்தனம் அப்படியில்லை... ஆயுசுக்கும் பேசப் போதும்!