எதிராளி தேடிய வேட்பாளர்

தேர்தல் நடத்துகிறவருக்குப் பெரிய தலையிடி கள்ள வாக்கு என்றுதான் ஊரில் கேள்விப்பட்டிருந்தேன். நல்ல வாக்குப் போடவே ஆளைப் பிடித்து இழுத்து வரவேண்டும் என்பதை நான் குடிவந்த டண்டினொங் நகரில்தான் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் நடுவில் அங்கே ஓர் ஆரம்பப் பாடசாலை அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு நிர்வாக சபை வேண்டும், அதில் பெற்றோரின் பிரதிநிதிகளைப் பெற்றோரே வாக்களித்துத் தெரிய வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம். அதிபர் அந்தச் சுற்றறிக்கையை வாசித்தார், பெருமூச்சு விட்டார், கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து தட்டச்சுக்காரியாகிய நானே தேர்தல் அதிகாரி. பாடசாலை அலுவலகங்களில் மாரடித்த சகோதர சகோதரிகளே, இதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

பிஸ்கற் பேணி

வாக்குப் பெட்டி என்று ஒன்றும் எங்களிடம் இருக்கவில்லை. ஆசிரியர்கள் தேநீர் குடிக்கும் அறையிலிருந்து ஒரு பெரிய பிஸ்கற் பேணியை எடுத்து, மூடியில் ஒரு நீளத் துவாரம் வெட்டி, வாசலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பேணியின் நாலு பக்கமும் பூப்போட்ட படம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் ஆளாக வந்தவர் கைக்குழந்தையோடு ஒரு தாய். வாக்குச்சீட்டை வாங்கினார், பேணியைக் கண்டார், முகம் மலர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "உள்ளே ஒன்றுமே இல்லையே! இதற்காகவா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்?"

அபராதம்

இந்த நாட்டில் பொதுத் தேர்தலில் வாக்குப் போடாவிட்டால் அபராதம் கட்டவேண்டும். அந்தப் பயத்தை நம்பித்தான் எங்கள் தேர்தலும் ஓரளவு ஓடியது. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தகப்பன் வாக்கெடுப்பு முடியும் நேரத்தில் கையில் கிறீஸோடு ஓடிவந்தார். பென்சிலைக் கையில் எடுத்தவர், "போடாவிட்டால் அபராதம் எவ்வளவு?" என்று கேட்டார். நான் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை மாதிரி, அபராதமே இல்லை என்றேன். மனிதர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போயேவிட்டார்.

உள்ளறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அதிபர் மெல்ல வெளியே வந்தார். "இனி யாராவது அபராதத்தைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லவேண்டாம். முகத்தை மட்டும் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொள்."

வராதவருக்கே பதவி

எங்கள் ஆட்கள் பதவிக்குப் பறக்கிறவர்கள். ஊரில் ஒரு வாசிகசாலையின் காரியதரிசிப் பதவிக்காக ஒரே வீட்டு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். இங்கே சபையின் முதல் கூட்டத்தில் காரியதரிசியாக யார் வருகிறீர்கள் என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் குனிந்து சப்பாத்து நுனியைப் பார்த்தார்கள். தலைவர் ஒரு பிளம்பர். எந்த அடைப்பையும் எடுத்துப் பழகியவர். "இன்றைக்கு யார் வரவில்லை?" என்று கேட்டார். வராதவர் ஒரேயொரு தாய். கைதட்டலோடு ஏகமனதாகத் தெரிவாகிவிட்டார்.

மறுநாள் காலை தொலைபேசியில் நான்தான் வாழ்த்துச் சொல்லவேண்டியிருந்தது. மறுமுனையில் அழாக்குறையாக ஒரு குரல் வந்தது. "பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேனே, அதற்கா இந்தத் தண்டனை?"

வெற்றியால் வந்த கவலை

பாடசாலையின் பின்பக்கத்தில் ஒரு மர வகுப்பறை இருந்தது. வேறு நாடுகளிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அதில்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள். அறையைச் சூடாக்க ஒரு ஹீற்றர் கிடையாது. குளிர்காலத்தில் பிள்ளைகள் கோட்டும் கையுறையுமாக இருந்து எழுதுவார்கள். அவர்களில் ஒருத்தி வாசுகி, எங்கள் ஆட்களில் ஒருவரான சிவபாதம் அண்ணையின் மகள். முந்தின குளிர்காலம் முழுக்க அந்தப் பிள்ளை இருமின இருமல் என் அலுவலகம் வரைக்கும் கேட்டது. சபையிடம் இருந்த பணத்தில் கிரிக்கெட் பயிற்சிக்கு வலை கட்டுவதென்று தலைவருக்கு எண்ணம். சபையில் ஓர் இடம் காலியானதும் அண்ணை மனுக் கொடுத்தார். அவருக்கு வேண்டியதும் அவர் கொடுத்த வாக்கும் ஒன்றே ஒன்று, அந்த வகுப்பறைக்கு ஹீற்றர்.

மனுக் கொடுக்கும் காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்து நிலவரம் கேட்டார். வேறு ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை, நீங்கள் வென்ற மாதிரித்தான் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. "போட்டியில்லாமல் வந்தவன்ர சொல்லை ஆர் தங்கச்சி கேக்கப் போகினம்? சனம் வாக்குப் போட்டு அனுப்பினதெண்டால்தான் மேசையில தட்டிக் கதைக்கலாம். பொறுங்கோ, நான் ஓர் ஆளைப் பிடிச்சுக்கொண்டு வாறன்!"

பிடித்து வந்த ஆள்

சொன்னபடியே பிடித்து வந்தார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் விற்கும் கிரேக்கத்துப் பெண் எலெனி. அவருடைய மகனும் எங்கள் பாடசாலைதான். ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றார். தனக்கு எதிராக நிற்க அண்ணை அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கையெழுத்துப் போட முதல் எலெனி என்னிடம் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். "நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, நிச்சயமாகத் தோற்றுப்போவேன் என்று இவர் சத்தியம் செய்திருக்கிறார். உண்மைதானே?"

வீடு வீடாக

அண்ணை ஊர் வழக்கப்படி பிரசாரத்தில் இறங்கினார். ஒலிபெருக்கி கட்டிய கார் வேண்டாம் என்று நானும் அவர் மனைவியும் காலில் விழாத குறையாகத் தடுத்தோம். கோட்டும் கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு, துண்டுப் பிரசுரத்தோடு, சனம் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துக் கதவைத் தட்டினார். கதவு திறந்ததும் இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு.

அரைவாசிப் பேர் அவரைக் கலைக்களஞ்சியம் விற்க வந்தவர் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் என்ன நினைத்தார்கள் என்பதை ஒரு வயதான சீமாட்டி வாய்விட்டே சொல்லிக் கதவைச் சாத்தினாராம். "எங்களிடம் ஏற்கெனவே ஒரு மதம் இருக்கிறது, மிக்க நன்றி."

முடிவு

பேணியைக் கவிழ்த்து எண்ணினோம். வாக்குகளில் எலெனி எங்கேயோ போய்விட்டார், அண்ணை எங்கேயோ பின்னால் நின்றார். யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயமே இல்லை. அண்ணை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை போனார். எலெனியிடமோ ஒவ்வொரு வீடும் கிழமைக்கொரு தடவை வந்து வரிசையில் நிற்கிறது. அண்ணை நின்ற இடத்திலேயே நின்றார். தோல்வி அவரைச் சுட்டிருக்கும், ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மர வகுப்பறையைத்தான்.

கடைசியில் பக்கத்தில் நின்ற மனைவியிடம் மெல்லக் கேட்டார், நீராவது எனக்குப் போட்டனீரோ என்று. அவர் மனைவி நேரான மனுசி. "வெள்ளிக்கிழமையில மீன் மச்சம் படாத தனி எண்ணெயில எங்களுக்குப் பொரிச்சுத் தாற ஆள் ஆரப்பா? நீங்களோ?"

கூட்டம் நடந்த இடம்

மறுநாளே எலெனி அலுவலகத்துக்கு வந்து நின்றார். அண்ணையையும் கையோடு கூட்டி வந்திருந்தார். நான் தோற்பேன் என்று சொல்லி என்னை ஏமாற்றிவிட்டாய் என்று அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, சரி, நீ வென்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். அண்ணை பின்பக்கத்தைக் காட்டினார். எலெனி போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். குளிர் தொடங்கியதும் வரும் கூட்டத்தை அந்த வகுப்பறையில் வைக்க முடியுமா?

வைத்தோம். குறிப்பெடுக்கப் போன எனக்கு விரல் மடங்கவில்லை. தலைவர் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, குளிரில் வாயால் புகை விட்டுக்கொண்டிருந்தார். கிரிக்கெட் வலையைப் பற்றி மூச்சே இல்லை. போன கூட்டத்து அறிக்கையை வாசிக்க எழும்பியவரை இருக்கச் சொன்னார். "ஹீற்றருக்கு ஆதரவானவர்கள்? கையைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுக்கவேண்டாம், தலையாட்டினால் போதும்."

சனிக்கிழமை

ஊரில் எஞ்சினியராக இருந்த அண்ணைக்கு இங்கே தொழிற்சாலையில் மின்சார வேலை. ஒரு சனிக்கிழமை அவரே வந்து ஹீற்றரைச் சுவரில் பூட்டினார். எலெனி உருளைக்கிழங்குப் பொரியல் கொண்டுவந்தார், நிச்சயமாகத் தனி எண்ணெயில். திங்கட்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது வாசுகி கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, கையுறை இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

பூட்டி முடித்த அந்தச் சனிக்கிழமை எலெனி அண்ணையின் தோளில் தட்டி, அடுத்த வருடம் நீ நிற்கவேண்டும், எனக்கு எதிராக இல்லை, எனக்குப் பதிலாக என்றார். அண்ணை என் பக்கம் திரும்பினார். "வேற ஆரும் மனுக் குடுப்பினமோ, தங்கச்சி?"

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்களைப் பார்த்துவிட்டேன், ஆனால் தன்னைத் தோற்கடிக்கத் தானே ஆள் பிடித்துக் கொடுத்து, தோற்ற பிறகு கொடுத்த வாக்கையும் நிறைவேற்றிய வேட்பாளரை அந்த ஒருதரம்தான் கண்டேன்.