ஆயுத பூஜையில் ஒரு ‘ப்ளடி’

எட்டாம் கிளாஸ் ஃபெயில்... ஆனால் கும்மிடிப்பூண்டியில் மூன்று ஷெட்! வாராவாரம் உங்களிடம் மார் தட்டுகிறவன், இந்த வாரம் தலை குனிந்து எழுதுகிறேன்.

ஆயுத பூஜையன்று தொழிலாளர்கள் குடும்பத்தோடு கம்பெனிக்கு வருவார்கள். புது சி.என்.சி. மெஷினை ஓட்டுகிற ஏகாம்பரமும் மகளை அழைத்து வந்திருந்தார். காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிற பெண்.

“இதாம்மா நம்ம மிஷினு. நான்தான் இன்சார்ஜு” என்று காட்டிக்கொண்டிருந்தார்.

பார்த்தால், மெஷினின் டச் ஸ்க்ரீன் முழுக்கச் சந்தனம்! பக்தியில் மூன்று விரலால் பட்டை போட்டுவிட்டார்.

“யோவ் ப்ளடி ஃபூல்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்று கத்தினேன். ஷெட்டே திரும்பியது.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: “சார், ப்ளடின்னா இன்னா அர்த்தம் தெரியுமா?”

“தெரியாமலா? நாப்பது வருசமா பேசிக்கினு இருக்கேன்!”

பேசிக்கொண்டுதான் இருந்தேன். நான் ஹெல்பராக இருந்தபோது ஃபோர்மேன் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார். ஷூ, விசில் மாதிரி அந்த வார்த்தையும் பதவியோடு வருவது என்றே நினைத்தேன். நான் முதலாளி ஆனதும் முதலில் எடுத்துப் போட்டுக்கொண்டது அதைத்தான்.

“ஆதியில ரத்தக்கறை படிஞ்சதைத்தான் சார் அப்படி சொன்னாங்க. கை, கத்தி, துணி... அப்புறம்தான் திட்டா மாறிச்சு. ஒரு காலத்துல பேப்பர்ல முழுசா அச்சடிக்கவே கூச்சப்பட்டு, முதல் எழுத்தைப் போட்டுட்டு கோடு போட்டுடுவாங்களாம். அதைப் போயி எங்கப்பாவை...”

ஏகாம்பரம் குறுக்கே விழுந்தார். “ஏய், சும்மா இரு! மொதலாளி செல்லமா சொல்றாரு. எப்பவும் அப்டித்தான் கூப்டுவாரு.”

எப்பவும்!

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவரோ குனிந்து, புதுச் சட்டை நுனியால் ஸ்க்ரீனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் திட்டியதைவிட அவர் சொன்ன அந்தப் பொய் என்னைக் கேவலப்படுத்தியது. மகள் முன்னால் தன் மானத்தோடு, என் மானத்தையும் சேர்த்தல்லவா காப்பாற்றப் பார்த்தார்?

மறுநாள் காலை கேபினுக்குக் கூப்பிட்டேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. “இனிமே அந்த வார்த்தை என் வாயில வராதுய்யா” என்றேன்.

“அட, வுடுங்க மொதலாளி! நமக்குள்ள இன்னா...” என்று சிரித்தார். கதவு வரை போனவர் திரும்பினார். “பாப்பா எதிர்ல மட்டும் வோணாம்.”

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.