இல்லாத தெருவுக்கு உதவித்தொகை

உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்தில் பணத்தைவிட ஸ்டாம்ப் மைதான் சீக்கிரம் தீரும். மயிலாப்பூரில் ஒரு சின்ன அறக்கட்டளையில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு கையெழுத்துக்காக நாலு நாள் அலைந்தவர்களே, உங்களை அலையவிட்டவர்களில் நானும் ஒருவன்.

முகவரிக் கட்டம்

மகா எம்.ஏ. சரித்திரம் படித்த பெண். அடையாற்றங்கரையில் தான் பிறந்த தெருவைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. எங்கள் பணம்தான் அவளுக்கு பஸ் பாஸ், ஆவணக் காப்பகத்தில் எடுக்கும் நகல், உட்கார்ந்து படிக்கும் நேரம். அது நின்றால் தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் வேலை. வீட்டில் அந்த வேலைக்குப் பேசி முடித்துவிட்டார்கள்.

இரண்டாம் வருஷப் படிவத்தில் ஆய்வு நடக்கும் இடத்தின் முகவரி கேட்டிருக்கும். தெருப் பெயரை எழுதியிருந்தாள். நான் பத்தாவது வரைதான்; மீதியெல்லாம் நூலகத்தில் படித்தது. மனைவி போன பிறகு வீட்டுக்குச் சீக்கிரம் போக அவசியமும் இல்லை. நாலு சாயங்காலம் அங்கே வரைபடங்களைப் புரட்டியும் அந்தத் தெருவைக் காணோம். அவளிடமே கேட்டேன். இடித்துவிட்டு, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

“தெரு இருந்தா நான் எதுக்கு சார் ஹிஸ்டரி எழுதப் போறேன்?”

நேரில் பார்வை

பணம் தருவதற்கு முன் டிரஸ்டி ஒருவர் இடத்தை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டடங்களுக்கு நன்கொடை கொடுத்த காலத்து விதி; பிறகு யாரும் அதை நீக்கவில்லை. வந்தவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர். கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையில் மூவரும் நின்றோம். காம்பவுண்டுச் சுவர், புதர், ஒரு எச்சரிக்கைப் பலகை. மகா வெறும் மண்ணில் நடந்துகொண்டே இது டீக்கடை, இது எங்கள் வீடு என்று காட்டிக்கொண்டு போனாள். ஆடிட்டர் மரியாதையாகத் தலையாட்டினார். அவள் வீட்டைத் தாண்டும்போது சற்று ஒதுங்கிக்கூட நடந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

“ஒண்ணுமே இல்லாத எடத்தைப் பார்த்தேன்னு நான் எப்படி ஓய் கையெழுத்துப் போடறது?”

ஏழாவது மாடி

மகா விடவில்லை. அடுத்த ஞாயிறு எங்களை அந்த அடுக்குமாடிக்கு வரச்சொன்னாள். லிஃப்ட் ஓடவில்லை. ஏழாவது மாடி நடையில் இருபது பேர் தரையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குலுக்கலில் வீடு கிடைத்து, பிளாக் பிளாக்காகப் பிரிந்துபோனவர்கள். பழைய தெருவில் வீடுகள் இருந்த வரிசையிலேயே அவர்களை உட்காரவைத்துத்தான் மகா கேள்வி கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால்தான் ஞாபகம் வரும் என்பாள். செத்துப்போனவர்களின் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். சண்டை, எந்த வீடு எங்கே முடிந்தது என்பதைப் பற்றி.

மூச்சு வாங்கிய ஆடிட்டர் இரண்டு வரிசைக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிர் வரிசைக் கிழவி கையை ஆட்டினாள்.

“நைனா, எந்திரு. கொயா மேல குந்திகினு கீற. நாங்க தண்ணி புடிக்க வாணாமா?”

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நாற்காலியைத் தூக்கியபடி மூன்று இடம் மாறினார். மூன்றும் யாரோ ஒருவருடைய வாசல். கடைசியில் சுவரோரம் நின்றபடியே படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எந்த முகவரி எழுதட்டும் என்றேன்.

“அந்தத் தெரு பேரையே எழுதும். ரொம்பக் குறுகல்னும் போடும்.”

மகாவுக்குப் பணம் வந்தது, ஆண்டறிக்கையில் ‘சரித்திர ஆராய்ச்சிக்கு ஊக்கமளித்தோம்’ என்று ஒரு வரியும் வந்தது. அந்த ஊக்கம் எங்கள் இருவர் முழங்காலிலும் ஒரு மாதம் இருந்தது என்பதை மட்டும் அச்சில் சேர்க்கவில்லை.