நான் கடைந்த குழாயும் நஞ்சுண்டேஸ்வரர் தந்த பதிலும்

1998-ஆம் வருஷம், ஆடி மாதம். மைசூர் மண்டி மொஹல்லாவில் காய்கறி வாங்கிக்கொண்டு நானும் என் மனைவி ருக்மணியும் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "அம்மா, செப்பல் பித்தோய்த்து!" என்று கன்னடத்தில் கத்தினார். திரும்பிப் பார்த்தேன். ருக்மணியின் இடது செருப்பு பத்தடி பின்னால் சேற்றில் கிடந்தது. அது கழன்றதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள்.

"ஏனுங்க, எனக்குத் தெரியவே இல்லீங்க" என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

என் பெயர் முருகேசன். அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தேன். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை. பால் பதப்படுத்தும் மெஷின், மருந்து தயாரிக்கும் மெஷின் இவற்றுக்கு வேண்டிய ஸ்டீல் குழாய்களைக் கடைவேன். ருக்மணி தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் ராமாபுரத்துப் பெண். வீட்டில் குனிந்து உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். ஒரு வருஷமாகவே இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தைலம் தேய்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்குகிறது என்றார்கள். ஆபரேஷன்தான் வழி. ஆனால் சின்ன வயதில் வந்த காய்ச்சலால் அவளுக்கு இதய வால்வு சுருங்கியிருந்தது. முதுகில் நீளமாகக் கீறி, தசையை எலும்பிலிருந்து பிரித்தெடுத்துச் செய்யும் ஆபரேஷன் அது. ரத்தம் போகும், நேரம் பிடிக்கும். "அவங்க இதயம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் முதலில் பார்த்த டாக்டர்.

செய்யாவிட்டால் கால் போகும். செய்தால் உயிருக்கே பயம்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவேன். நஞ்சன்கூடு நஞ்சுண்டேஸ்வரர் கோயில் கோபுரம் தெரியும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வைத்தியனுக்கு வைத்தியன் என்று ஊரே உன்னைச் சொல்கிறது, என் வீட்டு நோய் மட்டும் உன் கண்ணில் படவில்லையா என்று கோபம்.

யாரோ சொல்லி இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். வெளிநாட்டில் பயிற்சி முடித்து அப்போதுதான் மைசூர் வந்திருந்தார். அவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக ஸ்டீல் குழாய்கள். முதலாவது பென்சில் கனம். அதன் மேல் அடுத்தது வழுக்கிக்கொண்டு ஏறுகிறது, அதன் மேல் இன்னொன்று.

"தசையை வெட்ட வேண்டாம். இதுகளை ஒண்ணு மேல ஒண்ணா இறக்கினா தசை தானா விலகிக் கொடுக்கும். கடைசி டியூப் மட்டும் உள்ளே நிக்கும். அது வழியா மைக்ராஸ்கோப்ல பார்த்து டிஸ்க்கை எடுத்துடுவேன். ஒரு இஞ்ச்தான் கீறல். ரத்தம் ரொம்பக் குறைவு. இவங்க இதயத்துக்கு இதுதான் சரி."

ருக்மணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடுத்த வாரத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று மாலை வீட்டில் பல நாளைக்குப் பிறகு ரசம் வாசனை வந்தது.

மூன்றாம் நாள் டாக்டரே தொழிற்சாலைக்குப் போன் செய்தார். சுத்தம் செய்யும்போது கடைசி டியூப் கீழே விழுந்து விளிம்பு நசுங்கிவிட்டதாம். புதிதாக வரவழைக்க இரண்டு மாதம் ஆகும். பெங்களூரில் விசாரித்தாராம், யாரிடமும் அந்த அளவு இல்லை. "அவங்க பாதம் இப்பவே தூக்க முடியல. பத்து நாளுக்கு மேல காத்திருந்தா திரும்ப வருமான்னு சந்தேகம்."

என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "சார், அந்த டியூப்பை என்கிட்ட கொடுங்க. நான் செஞ்சு பார்க்கிறேன்."

அவர் அன்றே நேரில் வரச் சொன்னார். எங்கள் தொழிற்சாலையில் எந்த வகை ஸ்டீல் என்று துருவித் துருவிக் கேட்டார். உடம்புக்குள் போகக்கூடிய அதே ரகம்தான் என்று தெரிந்ததும், "செஞ்சு கொண்டு வாங்க. நான் சோதிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் உபயோகிப்பேன்" என்றார். உள்பக்கம் பளபளக்கக் கூடாது, மைக்ராஸ்கோப் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

சூப்பர்வைசர் அனுமதி கொடுத்தார். கட்டைவிரல் அகலம், விரல் நீளம், அவ்வளவுதான் வேலை. ஆனால் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய குழாயில் டூல் பட்டதும் அது அதிரும். மேலெல்லாம் அலை அலையாகக் கோடு விழும். முதல் குழாய் அப்படித்தான் போயிற்று. இரண்டாவது முடியும் தறுவாயில் என் கை நடுங்கி, விளிம்பு கிழிந்தது. தடவிப் பார்த்தேன். பிசிறு விரலைக் கீறி ரத்தம் வந்தது.

அந்தப் பிசிறு அவள் நரம்பில் பட்டால்?

மெஷினை நிறுத்திவிட்டேன். மதிய இடைவேளை. சாப்பாட்டுக்குப் போகாமல் கோயிலுக்கு நடந்தேன். திங்கட்கிழமை, நல்ல கூட்டம். கருவறை முன்னால் நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. எனக்கு ஸ்லோகம் எதுவும் தெரியாது. "அப்பா, நஞ்சையே விழுங்கியவன் நீ. உன்னைத் திட்டினேன், பொறுத்துக்கொள். என்னால் முடியவில்லை. என் கையால் அவளுக்குக் கெடுதல் வராமல் யாரையாவது அனுப்பு" என்று வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

திரும்பி வந்தால் என் மெஷின் பக்கத்தில் சித்தராஜு நிற்கிறான்.

அவனும் என்னைப் போல லேத்தில் கடையும் டர்னர்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு கனம் அளக்கும் என் மைக்ரோமீட்டர் காணாமல் போனபோது, அவன்தான் எடுத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அது என் டிராயரிலேயே கிடைத்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் நான் யாருக்காகக் குழாய் கடைகிறேன் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் கெட்டுப்போன இரண்டு குழாய்களையும் இப்போது அவன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரக்கு ஊத்தணும்" என்றான், என் முகத்தைப் பார்க்காமலே. அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "நகை செய்யறவங்க அப்படித்தான் செய்வாங்க. உள்ள அரக்கை உருக்கி ஊத்தி இறுக விடு. குழாய் கெட்டியா நிக்கும், அதிராது. அப்புறம் சூடு பண்ணி எடுத்து, ஸ்பிரிட்ல கழுவினா சுத்தமா போயிடும்."

"சித்தராஜு, அந்த மைக்ரோமீட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"பிடு மாராயா, அது போகட்டும். நின் ஹெண்டத்தி காலு முக்கியம்" என்றான். உன் மனைவி கால்தான் முக்கியம் என்கிறான். நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுது. எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன்" என்றேன். அப்படியே சொன்னேன். மெஷின் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. சொன்னதும் என் கை நடுக்கம் நின்றது. இது சத்தியம்.

மூன்றாவது குழாயை இருவருமாகச் செய்தோம். உள்பக்கத்தில் நுண்ணிய மணலைக் காற்றழுத்தத்தில் வீசி மங்கலாக்கினோம். விளிம்பைச் சித்தராஜு பட்டுத் துணியில் இழுத்துப் பார்த்தான். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். தன் பெட்டியில் இருந்த குழாய் மேல் ஏற்றினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. "ஆகத்தே" என்றார். இது ஆகும், உபயோகிக்கலாம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

வியாழக்கிழமை காலை ஆபரேஷன். உள்ளே போகும்முன் ருக்மணி கேட்டாள்: "நீங்க செஞ்சதுதானுங்களே உள்ள போகுது?" ஆமாம் என்றேன். "அப்போ எனக்குப் பயமில்லீங்க" என்றாள்.

எனக்கு இருந்தது. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சித்தராஜு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். உட்கார் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஐந்தாவது தடவை அவனும் எழுந்து என்னோடு நடக்க ஆரம்பித்தான்.

கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். "நரம்பு விடுபட்டுச்சு. ரத்தம் ரெண்டு ஸ்பூன்கூடப் போகல. இதயம் ஒரு தொந்தரவும் கொடுக்கல." நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு நானாக உட்கார்ந்தது அப்போதுதான்.

மறுநாள் அவள் எழுந்து நின்றாள். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பாதம் முழுதாகத் தூக்க ஐந்து மாதம் ஆனது. சுண்டு விரலில் இன்றும் உணர்ச்சி குறைவுதான். ஆனால் என் ருக்மணி நடக்கிறாள். தை மாதம் நஞ்சன்கூட்டில் கபிலா ஆற்றில் குளித்து, படியேறி, என் தோளைப் பிடிக்காமல் சன்னதி வரை நடந்தாள். முன்னால் அவள், பின்னால் நானும் சித்தராஜு குடும்பமும்.

அவள் இப்போது தரையில் குனிந்து உட்கார்வதில்லை. உயரமான மேஜை ஒன்று செய்து கொடுத்தேன். வலிக்கிறது என்று அவள் சொன்னால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து கேட்கிறேன். முன்பு என் வாயில் சட்டென்று வந்த கடும் வார்த்தைகள் இப்போது தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன. எல்லா நாளும் இல்லை. முக்கால்வாசி நாள்.

டாக்டர் கெட்டிக்காரர், ஸ்டீல் நல்ல ஸ்டீல், இதில் சாமி எங்கே வந்தார் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. யாரையாவது அனுப்பு என்று கேட்டேன். இந்த ஊரில் எனக்கு உதவவே காரணம் இல்லாத ஒரே மனிதனை அவர் அனுப்பினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது இப்போது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருக்கலாம். வைத்தியத்தை விடாதீர்கள். மந்திரம் தெரியாவிட்டாலும், கோபம் இருந்தாலும், அந்தக் கோபத்தோடேயே போய் சாமி முன்னால் நில்லுங்கள். அழுது கேளுங்கள். கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, அங்கே யார் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.