அண்ணன் கழுத்தில் நான் மாட்டிய பெல்ட்

அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். "நீதான் வாய் ஓயாமப் பேசுவியே, நீயே எழுதீரு" என்றார் சித்தப்பா. பேசுவது வேறு, எழுதுவது வேறு என்று இப்போதுதான் தெரிகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துப்போட்டேன். மூன்றிலும் ஒரு விஷயத்தை மறைத்திருந்தேன். இதில் மறைக்கப் போவதில்லை.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றில் அண்ணன் பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான் பிறந்தேன். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அண்ணன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். படிப்பை நிறுத்திவிட்டு, போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தார் அண்ணன். வருடத்தில் பத்து மாதம் நாக்பூர், ராய்ப்பூர் என்று வடக்கேதான் கிடப்பார். என்னைப் படிக்கவைத்தது, நாமக்கல்லில் கட்டிக்கொடுத்தது, பொங்கல் தவறாமல் சீர் கொண்டுவந்தது எல்லாம் அந்தப் புழுதியில் நின்று சம்பாதித்ததில்தான். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் தொட்டதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வேன். "எஞ்சாமிக்குக் கோவம் வந்துருச்சாட்ட இருக்குது" என்று சிரித்தே சமாளிப்பார்.

ராய்ப்பூர் பக்கம் ஒரு வயதான டாக்டர் தோட்டத்தில் போர் போட்டபோது நல்ல தண்ணீர் பீறிட்டு வந்ததாம். அந்த மகிழ்ச்சியில் அவர் தன்னுடைய பழைய பிலிம் கேமராவை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். செங்கல் கனம் இருக்கும். அதோடு வந்த பெல்ட் இற்றுப்போய்விட, லாரித் தார்ப்பாய் கட்டும் நாடாவை வெட்டி மாட்டிக்கொண்டார். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. "முப்பத்தாறே படந்தான் இருக்குது, ஒழுங்கா நில்லுங்க" என்று நம்மை எல்லாம் அதட்டி நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது அண்ணன் அழவில்லை, நாங்கள்தான் அழுதோம். கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தான் சொல்வோம். ஒரு மாதத்துக்கும் மேலே தினமும் வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து, உரிந்து, வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. காலர் வைத்த சட்டை கூடாது, செயின் கூடாது, கழுத்தில் எதுவும் உரசக் கூடாது என்றார் டாக்டர். பக்கத்தில் நின்று கேட்டவள் நான். அண்ணனின் செயினைக் கழற்றி நங்கையிடம் கொடுத்தவளும் நான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

அடுத்து என் மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமன் சீரை முடித்த கையோடு, பெண்ணைத் தன் கேமராவில் ஒரு சுருள் எடுக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஒரே ஆசை. கை நடுங்கியது. கையில் பிடித்தால் விழுந்துவிடும், தோளில் மாட்டினால் நழுவும். கழுத்தில்தான் தொங்கவிட வேண்டும். அந்தத் தார்ப்பாய் நாடாவோடு சபையில் நிற்பதா என்று எனக்குக் கௌரவம் தலைக்கேறியது. நேராகச் சேலம் போனேன்.

பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் கடை அது. கடைக்காரர் நான்கைந்து பெல்ட்டுகளை எடுத்துப் போட்டார். அகலமான பருத்தி நாடாவைக் காட்டி, "இது கழுத்துக்கு மெத்துனு இருக்குமுங்க. வயசானவருங்களா?" என்றார்.

"சபையில நிக்கற தாய்மாமனுங்க. சாக்குக் கயிறாட்ட இருக்கறதக் காட்டறீங்க!" என்று ஒரு தோல் பெல்ட்டைக் கையில் எடுத்தேன்.

"தோலு புதுசுல கொஞ்சம் அறுக்குமுங்க. பழகோணும்."

"அதெல்லாம் எங்கண்ணன் பழகிக்குவாருங்க."

பழுப்புத் தோல், விரற்கடை அகலம், பித்தளைக் கொக்கி. பார்க்க அத்தனை அழகு. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து அண்ணனிடம் நீட்டினேன். பிறந்த வீடு சீர் கொடுக்கும், நாம் வாங்கிக்கொள்வோம். வாழ்நாளில் முதன்முறையாக நான் அண்ணனுக்குச் சீர் வைத்தேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலையில், கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டு அதன்மேல் கேமராவை மாட்டிக்கொண்டு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"துண்டை எடுங்ணா! பெல்ட்டே தெரிய மாட்டேங்குது."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சரிஞ்சாமி" என்று துண்டை எடுத்து நங்கையிடம் கொடுத்தார். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை அப்படியே நின்று முப்பத்தாறு படமும் எடுத்தார். "பெல்ட்டு ஜோரா இருக்குதுங்க மாப்ளே" என்று யாரோ மெச்சியதற்கு, "எந்தங்கச்சி வாங்கியாந்ததுங்க" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. சிலிர்த்துப்போனேன், பைத்தியக்காரி.

மூன்று மாதத்தில் அண்ணன் போய்விட்டார்.

இந்த மலருக்குப் படம் தேடத்தான் போன மாதம் நங்கை வீட்டுக்குப் போனேன். பீரோவில் கல்யாணத்தன்று போட்ட காலர் இல்லாத சட்டை மடித்திருந்தது. கழுத்துப் பட்டியில், துவைத்தும் போகாத பழுப்புக் கறை. சட்டைக்கு அடியில் ஒரு துணி நாடா. அண்ணனின் பழைய வேட்டியை எட்டாக மடித்து, நெருக்கமாகத் தையல் ஓட்டி, கேமராவில் மாட்ட இரண்டு பக்கமும் வளையம் வைத்தது.

"இது என்னங்க நங்கை?"

நங்கை அந்த நாடாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாந்தான் தெச்சேன். கல்யாணத்துக்குன்னு. நீங்க தட்டுல வெச்சு நீட்டுன பெறகு அதக் கழட்டிப்போட்டாங்க. வேண்டாமுங்க, புண்ணாயிரும்னு எத்தனையோ சொன்னேன். 'ஒரு நாளைக்குத்தானே, அவ ஆசையா வாங்கியாந்திருக்கறா'ன்னாங்க. துண்டாவது போடுங்கன்னு போட்டுட்டேன்."

அந்தத் துண்டைத்தான் நான் எடுக்கச் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாங்க."

தோல் வழண்டு, தலையணையில் கழுத்தை வைக்க முடியாமல் பத்து நாள் உட்கார்ந்தே தூங்கினாராம். அந்தப் பத்து நாளில் நான் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தது. வெயிலுக்கு என்றார். நம்பினேன். அவர் உயிர் போனதற்கும் அந்தப் புண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கட்டும். இருந்த கொஞ்ச நாளில் பத்து நாளை நான் பிடுங்கிக்கொண்டேன்.

அட்டையில் நீங்கள் பார்ப்பது அன்று மண்டபத்தில் கல்யாண போட்டோக்காரர் எடுத்த அண்ணன் படம். பெல்ட் தெரியாமல் வெட்டிப் போடுங்கள் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்தேன். நங்கை தடுத்துவிட்டார். "அப்படியே இருக்கட்டுமுங்க. அன்னைக்கு அவங்க சந்தோசமாத்தான் நின்னாங்க" என்றார். எனக்கு அந்தப் படத்தை இன்னும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மருத்துவமனைக்கு அலைந்த சித்தப்பாவுக்கும், ரத்தம் கொடுத்த ரிக் வண்டித் தோழர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நங்கைக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை, மன்னிப்புத்தான் கேட்க முடியும்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று அண்ணன் படத்துக்குப் போட மாலை வாங்கி வந்திருப்பீர்கள். தயவுசெய்து அதைப் படத்தின் காலடியிலேயே வையுங்கள். அவர் கழுத்தில் போட வேண்டாம்.

தங்கை